வக்காலத்தோடு ஒரு கட்டணச் சீட்டு

பள்ளிப்பட்டு, திருத்தணி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் நீதிமன்றங்களில் வழக்காடும் வக்கீல் பெருமக்களுக்கு,



வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே, இந்த வழக்குக்குக் கட்டணம் எவ்வளவு, அதில் உங்கள் உழைப்புக்கு எது, கோர்ட்டுச் செலவுக்கு எது என்று ஒரு தாளில் எழுதி, கட்சிக்காரர் கையில் ஒரு படி கொடுங்கள். அதன்பின் பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் ரசீது கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

நான் பள்ளிப்பட்டு தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதிப் பிழைப்பவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வருபவர்கள்தான் அதிகம். ஆனால் இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பாட்டன் காலத்துப் பத்திரங்கள் பல தெலுங்கில் இருக்கின்றன. எனக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்பதால், நிலத் தகராறு உள்ளவர்கள் உங்களிடம் வருமுன் என்னிடம் வந்து பத்திரத்தைப் படிக்கச் சொல்வார்கள். வழக்குப் போட்ட பிறகும் வருவார்கள். அப்போது கொண்டுவருவது பத்திரம் இல்லை, ஒரு கேள்வி: "வக்கீல் ஐயா இன்னும் பத்தாயிரம் கொண்டாரச் சொல்றாரு. எதுக்குன்னு கேக்க பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, எதுக்கு இருக்கும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு பெண் வைத்திருக்கும் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின், கொழுந்தனார்கள் வீட்டிலும் தறிக்கூடத்திலும் பங்கு தர மறுத்ததால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டவர். மகளுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறார். 'வக்கீல் ஐயா 10,000.' அடுத்த வரி, 'டைப் 800.' அதற்கடுத்து, 'வாய்தா 500', மறுபடி 'வாய்தா 500', பிறகு 'வாய்தா 500 ஜட்ஜ் லீவு.' அதன் கீழே 'குமாஸ்தா 200.' ஒரு பக்கம் தள்ளி 'கமிஷனர் 6,000' என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். ஏன் வட்டம் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அது உள்ளுக்குக் குடுத்தது."

அவர் லஞ்சம் என்று நினைத்திருக்கிறார். அது லஞ்சமே இல்லை. சொத்தை நேரில் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க நீதிமன்றம் நியமித்த வக்கீல் கமிஷனருக்கு, நீதிமன்றமே உத்தரவில் குறித்துக் கட்டச் சொன்ன தொகை. கேஸ் கட்டில் அந்த உத்தரவு இருக்கிறது. ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டது 'கமிஷனருக்கு ஆறாயிரம் கட்டணும்' என்ற ஒரு வாக்கியம்தான். போலீஸ் கமிஷனர், நகராட்சி கமிஷனர் என்று அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவர், யாரோ பெரிய அதிகாரிக்குப் போகிறது என்று முடிவு செய்துவிட்டார். தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரியிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். கணக்குச் சொல்லாமல் வாங்கும் பணத்தால் கெடுவது உங்கள் பெயர் மட்டும் இல்லை. 'கோர்ட்டுக்குக் கட்டணும்' என்று நீங்கள் சொல்வது கோர்ட்டுக் கட்டணத்தை. கட்சிக்காரர் காதில் அது நீதிபதிக்குக் கொடுப்பதாக விழுகிறது. இந்த வட்டாரத்தில் நீதிமன்றத்தைப் பற்றி டீக்கடையில் பேசப்படும் பழிகளில் பாதிக்குமேல் இப்படி, கணக்கு எழுதாத பணத்திலிருந்து பிறந்தவை என்று நான் நம்புகிறேன். தவறே செய்யாத முன்சீப் ஒருவர், தவறே செய்யாத வக்கீல் ஒருவர், இருவரும் ஒரு ரசீது இல்லாத காரணத்தால் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் தொழிலுக்கு இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில் 25 முதல் 30 வரை உள்ளவை முழுக்க இதைப் பற்றியவைதான். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். வாங்கிய தொகை கட்டணத்துக்கா செலவுக்கா என்று அந்தக் கணக்கில் குறிக்க வேண்டும். செலவுக்கென்று வாங்கியதை, வழக்கு நடக்கும்போது, கட்சிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கட்டணமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. கட்சிக்காரர் சார்பில் பணம் வந்தால் கூடிய விரைவில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால், நகல் எடுக்கும் செலவை வாங்கிக்கொண்டு, கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். இத்தனையும் ஏற்கனவே உங்கள் கடமை. 12ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்கிலிருந்து நடுவில் விலகினால், உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. மொத்தக் கட்டணம் எவ்வளவு என்றே எழுதாதபோது, எந்தப் பகுதியை எப்படித் திருப்புவது?

நீதிமன்றத்துக்கு நீங்கள் கட்டணக் கணக்குக் கொடுக்காமலும் இல்லை. தீர்ப்பில் தோற்றவரிடமிருந்து செலவுத்தொகை வசூலிக்க, வக்கீல் கட்டணம் இவ்வளவு பெற்றேன் என்று சான்று தாக்கல் செய்கிறீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டு வக்கீல் கட்டண விதிகளின்படி அதற்கு ஒரு அளவும் இருக்கிறது. நீதிபதியிடம் கையெழுத்திட்டுத் தரும் ஒரு விவரத்தை, அந்தப் பணத்தைக் கொடுத்தவரிடம் தருவதில் என்ன தடை?

இதே மாவட்டத்தில் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களிடமிருந்து முறையான பில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு பெரிய ஆலைக்கு வழக்கு வந்தால், சென்னையிலிருந்து வரும் வக்கீல் நிறுவனம் முதலில் ஒப்பந்தக் கடிதம் அனுப்பும். மணிக்கு இவ்வளவு, ஆஜராவதற்கு இவ்வளவு, பயணப்படி தனி. மாதக் கடைசியில் பில் வரும். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் எந்த மனுவைத் தயாரித்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். இங்கிலாந்து, அமெரிக்க நிறுவனங்களில் ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு கூறு என்று கணக்கெழுதும் வழக்கமே உண்டு. ஆலையின் கணக்குப்பிரிவு வந்த பில்லைச் சரிபார்த்து, ஒத்துவராத வரியைக் கேள்வி கேட்டு, பிறகுதான் பணம் அனுப்பும். பில்லில் ஒரு வரியைக் கேட்டதற்காக எந்த வக்கீலும் கோபித்துக்கொண்டு கட்டைத் தூக்கிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய், பிரஸ்ஸில் கைவிரல்களை இழந்து, ஊர் திரும்பும் பையனுக்கு அப்படி ஒரு தாளும் கிடைப்பதில்லை. அவன் காதில் விழுவது 'இப்ப ஒரு அஞ்சாயிரம் குடு, மத்தது வந்தப்புறம் பாத்துக்கலாம்' என்ற வாய்ச்சொல். எழுதப் படிக்கத் தெரிந்த, கணக்காளர் வைத்திருக்கிற, பேரம் பேசத் தெரிந்த கட்சிக்காரருக்கு எழுத்தில் கணக்கு. எதுவும் இல்லாதவனுக்கு வாய்க்கணக்கு. யாருக்குத் தாள் அதிகம் தேவையோ அவனுக்கே அது இல்லாமல் போகிறது. இது உங்களில் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பெரிய கட்சிக்காரர் கேட்டு வாங்குகிறார், சின்னவர் கேட்பதில்லை என்பதால் வந்தது. அதனால்தான் அவர் சார்பில் நான் கேட்கிறேன்.

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்று. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. நோட்டு வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அது பொருந்தும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள். உங்களிடம் வருகிறவர் இந்த வகையில் அடங்குபவர் என்றால், முதல் நாளே அவரிடம் அதைச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் உங்களையே அமர்த்த விரும்பினால் கட்டணம் பேசுங்கள். சொன்னால் கட்சிக்காரர் போய்விடுவார் என்ற அச்சம் வேண்டாம். இப்படி ஒரு வார்த்தை சொன்ன வக்கீலிடம்தான் அவர் தன் தம்பியையும் சித்தப்பாவையும் அனுப்புவார்.

இனி சதவீதம்.

சென்னை–திருப்பதி சாலையில் விபத்து இல்லாத வாரம் இல்லை. இறந்தவர் வீட்டில் காரியம் முடியுமுன்னே ஒருவர் வந்து, 'செலவு ஒண்ணும் பண்ண வேணாம்மா, பணம் வந்தப்புறம் இத்தனை பர்சன்ட் குடுத்தா போதும்' என்று சொல்லிப் போகிறார். சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலைக்காக நம் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வட்டங்களில் நிலம் எடுத்தபோதும், இழப்பீட்டைக் கூட்டி வாங்கித் தருகிறேன், கூடுவதில் பங்கு என்ற பேச்சு ஊர் ஊராக நடந்தது. என்னிடம் மனு எழுத வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பார் கவுன்சிலின் 20ஆம் விதி இதை நேராகத் தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, வரும் பணத்தில் பங்கு கேட்கக் கூடாது. 1954இலேயே உச்ச நீதிமன்றம், வரும் தொகையில் பாதி என்று ஒப்பந்தம் செய்த ஒரு மூத்த வக்கீலின் செயலைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று சொல்லிவிட்டது. 2017 டிசம்பரில் பி. சுனிதா வழக்கில் அதையே இன்னும் உறுதியாகச் சொன்னது. சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் அவர். இழப்பீட்டில் சதவீதக் கணக்குப் போட்டு அவருடைய வக்கீல் மேலும் கட்டணம் கேட்டார். கொடுத்த காசோலை திரும்பியதும் செக் மோசடி வழக்கே போட்டார். சதவீத ஒப்பந்தமே பொதுக்கொள்கைக்கு முரணானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது, அதன்மேல் நிற்கும் காசோலை வழக்கும் நிற்காது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1988ஆம் ஆண்டின் 131ஆவது அறிக்கையில் எழுப்பிய கவலையையும் அந்தத் தீர்ப்பு நினைவுபடுத்தியது. அந்தச் சட்டம் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சதவீதம் உலகெங்கும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்குவது சாதாரணம். இங்கிலாந்தில் 2013 முதல் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லும். உடற்காய வழக்கென்றால் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அங்கே அது எழுத்தில் இருக்கிறது, அதற்கு உச்சவரம்பு இருக்கிறது, தகராறு வந்தால் காட்ட ஒரு தாள் இருக்கிறது. இங்கே தடை இருக்கிறது, ஆனால் நடைமுறை தொடர்கிறது. தடை இருப்பதாலேயே யாரும் எழுதுவதில்லை. எழுதாததால் வரம்பில்லை. பத்து என்று பேசியது, பணம் வரும் நாளில் இருபது ஆகிறது. கேட்க வழியில்லை. கேட்டால், முன்பே கையெழுத்து வாங்கிய வெற்றுக் காசோலை வெளியே வருகிறது.

விபத்து இழப்பீட்டை உரியவருடைய வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்புக்கும் கையெழுத்திட்ட செக்கும் வேறொருவர் மேசை அறையில் இருந்தால் நேராகச் செலுத்தி என்ன பயன்? உங்களில் பெரும்பாலோர் இதைச் செய்யமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்கிறவரைச் செய்யாதவரிடமிருந்து பிரித்துக் காட்ட இன்று எந்த அடையாளமும் இல்லை. கட்டணச் சீட்டு எழுதுகிறவர் எல்லாம் சதவீதம் வாங்காதவர் என்று ஆகிவிடும். எழுதத் தயங்குகிறவரைக் கட்சிக்காரரே கண்டுகொள்வார்.

கையில் காசே இல்லாத கைம்பெண் எப்படி வழக்கு நடத்துவாள், சதவீதம்தானே அவளுக்குக் கதி என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான கேள்வி. அவளுக்கு முதல் வழி இலவச சட்ட உதவி. அது வேண்டாம், உங்களையே நம்புகிறாள் என்றால், ஒரு நிலையான தொகையைப் பேசி, தவணையாகவோ பின்னாலோ தரலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே தொகை என்றால் அது பங்கு கேட்பது ஆகாது. தாமதமாக வாங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

உங்கள் பக்கத்து வலியை நான் அறியாதவன் இல்லை. தாலுகா கோர்ட்டில் தொழில் தொடங்கும் இளைஞர் நான்கைந்து ஆண்டுகள் சொந்த வருமானம் இல்லாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் பஸ்ஸில் திருத்தணி போய், ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு, மத்தியானம் இங்கே ஓடிவந்து, சீனியரின் கட்டைச் சுமந்து, மாலையில் பெட்ரோலுக்குக் கடன் கேட்கும் பிள்ளைகள் அவர்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொகையை எங்கிருந்து கொடுப்பது என்பது ஊர்ப்புறத்து சீனியரின் நியாயமான கவலை.

கட்சிக்காரர்கள் செய்வதும் சின்னக் கொடுமையில்லை. வழக்கு நம்பர் ஆகும்வரை காலையும் மாலையும் வந்து நிற்பவர், இடைக்காலத் தடை கிடைத்ததும் போனை எடுப்பதில்லை. எதிர்த்தரப்போடு கோயிலில் உட்கார்ந்து சமாதானம் பேசி முடித்துவிட்டு, வக்கீலுக்குச் சொல்லாமலே விடுகிறார். 'ஜெயிச்சா குடுக்கிறேன் சார்' என்பவர் ஜெயித்தபின் தெருவை மாற்றி நடக்கிறார். நீங்கள் வாய்தாவுக்கு இவ்வளவு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது, மொத்தமாகக் கேட்டால் வராது என்ற அனுபவத்தால்தான். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. மனுவுக்குக் கூலி கொடுக்காமல் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தத் துன்பத்துக்கும் மருந்து அதே தாள்தான். 1926ஆம் ஆண்டின் வக்கீல் கட்டணச் சட்டம், கட்சிக்காரரோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும், கொடுக்காவிட்டால் வழக்குப் போட்டு வசூலிக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு அந்த உரிமையை எப்படி நிறைவேற்றுவீர்கள்? கையெழுத்திட்ட சீட்டு இருந்தால், பாக்கியைக் கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே பாதிப்பேர் கொடுத்துவிடுவார்கள்.

சீட்டு இல்லாததால் சிலர் கையில் எடுக்கும் ஆயுதம் வேறு. அது கேஸ் கட்டு. வக்கீலை மாற்ற விரும்பும் கட்சிக்காரரிடம், பாக்கியைத் தீர்த்தால்தான் கட்டும் நோ அப்ஜெக்‌ஷனும் என்பது. என் உறவில் ஒருவருக்கு இது நடந்து, மூலப்பத்திரம் ஒரு அலுவலகத்தில் சிக்கிக்கொண்டு, அந்தக் காலத்தில் வர வேண்டிய வங்கிக் கடனே தவறிப்போனது. எவ்வளவு பாக்கி என்பதில் இரு தரப்புக்கும் இரு கணக்கு. எழுத்தில் ஒன்றும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் இதற்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், 97,100 ரூபாய் கட்டண பாக்கி என்று சொல்லிக் கட்டுகளைத் தர மறுத்தார். பாக்கி உண்மையாகவே இருந்தாலும் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை, கட்டணத்துக்குத் தனியே வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். முந்தைய வக்கீல் சம்மதம் தராவிட்டால் புதியவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று ஆஜராக 39ஆம் விதியிலும் வழி இருக்கிறது. இதையெல்லாம் அறியாத கட்சிக்காரர், கட்டுக்காகப் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறார். அல்லது வழக்கையே கைவிடுகிறார்.

மனக்குறை உள்ளவர் எங்கே போவார்? 2024 மே 14 தீர்ப்புக்குப்பின் நுகர்வோர் நீதிமன்றத்தில் வக்கீல்மேல் சேவைக்குறைபாட்டு வழக்குப் போட முடியாது. சாதாரண சிவில் வழக்கைத் தவிர மீதியிருப்பது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பார் கவுன்சிலுக்கு, வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் எழுதும் புகார். பள்ளிப்பட்டிலிருந்து அதற்காகச் சென்னைக்கு நடையாக நடக்க, தறியை நிறுத்திவிட்டுப் போகிறவர் எத்தனை பேர்? உங்கள்மேல் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சட்டம் உங்களுக்கு இவ்வளவு பெரிய மரியாதை கொடுத்திருக்கும்போது, கணக்கை நீங்களே முன்வந்து கொடுப்பதுதான் அந்த மரியாதைக்கு ஏற்றது.

சங்கம் கூடி விலைப்பட்டியல் ஒட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வக்கீல் சங்கம் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் வைத்திருந்தது. வீடு வாங்கிய ஒரு தம்பதி, பத்திரச் சரிபார்ப்புக்கு எத்தனை வக்கீலைக் கேட்டும் ஒரே விலை சொன்னதால் வழக்குப் போட்டார்கள். 1975இல் அங்கே உச்ச நீதிமன்றம், இது கூடிப்பேசி விலை வைப்பது, சட்டவிரோதம் என்றது. ஜெர்மனியில் 2004ஆம் ஆண்டுச் சட்டமே வழக்கின் மதிப்புக்கேற்ப வக்கீல் கட்டணத்தை அட்டவணை போட்டுச் சொல்கிறது. நமக்கு எது பொருந்தும் என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும். உங்கள் திறமைக்கும் உழைப்புக்கும் நீங்கள் எவ்வளவு கேட்பது என்பது உங்கள் உரிமை. கேட்டது இவ்வளவு என்று தெரிந்துகொள்வது கட்சிக்காரரின் உரிமை.

கோர்ட்டுக் கட்டணத்தைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி வேண்டும். தமிழ்நாட்டில் 2017இல் பண வழக்குகளுக்கான கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. நூல் பாக்கிக்காக ஒரு லட்சத்துக்கு வழக்குப் போட்டால் 7,500 கட்ட வேண்டிய இடத்தில் 3,000 போதும். இது இன்னும் பலருக்குத் தெரியாது. சமாதானமாகப் போனால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் தெரியாது. நீதிமன்றம் அனுப்பி வைத்த சமரசம் மட்டுமில்லை, இரு தரப்பும் தாங்களே பேசி முடித்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். திரும்பி வரும் அந்தத் தொகை யாருடையது என்று முதல்நாளே எழுதிவிட்டால் கடைசிநாளில் மனக்கசப்பு வராது.

நான் ஒரு மாதிரித்தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். மேலே வழக்கு எண்ணுக்கு இடம். பிறகு இப்படிப் போகிறது: 'இந்த வழக்கை முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு வரை நடத்தக் கட்டணம் ரூபாய் இவ்வளவு. மேல்முறையீடு இதில் சேராது. இதை இத்தனை தவணையில் கொடுக்க ஒப்புக்கொள்கிறோம். கோர்ட்டுக் கட்டணம், சம்மன் செலவு, டைப், நகல், கமிஷனர், மொழிபெயர்ப்பு ஆகியவை தனி. ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. வாய்தா தள்ளிப்போனால் அதற்கென்று கூடுதல் கட்டணம் இல்லை. குமாஸ்தாவிடம் கொடுக்கும் பணத்துக்கும் ரசீது உண்டு. வக்கீலை மாற்ற நேர்ந்தால் அதுவரை நடந்த வேலைக்கு உரிய கட்டணம் போகக் கணக்குப் பார்த்துக்கொள்வோம்; கட்டு உடனே தரப்படும். வரும் தொகையில் பங்கு எதுவும் பேசவில்லை.' கீழே இருவர் கையெழுத்து. இதில் சேர்க்க வேண்டியது, நீக்க வேண்டியது உங்களுக்குத்தான் தெரியும். வாய்தா தள்ளிப்போனாலும் உங்கள் நேரம் போகிறது என்று நீங்கள் நினைத்தால், அதற்கு இவ்வளவு என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். எழுதியிருந்தால் நோட்டில் 'வாய்தா 500 ஜட்ஜ் லீவு' என்று எழுதும்போது அந்தப் பெண்ணுக்கு வயிறு எரியாது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. நான்கு பேர் தொடங்கினால் போதும். யார் அந்த நான்கு பேர் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நானே பெயர் சொல்லி அனுப்புவேன், அதற்கு எந்தத் தரகும் எனக்கு வேண்டாம். ஜூனியர்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கட்டணச் சீட்டு எழுதி, செலவுக் கணக்கைப் பராமரித்து, மாதாமாதம் கட்சிக்காரருக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்ப அவர்களால் முடியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் என்னிடம் அனுப்புங்கள். எல்லையோர ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்காகத் தெலுங்குப் படியையும் நான் எழுதித் தருகிறேன். இரண்டுக்கும் கூலி வேண்டாம். மாதிரித்தாளின் நகல்கள் என் மேசையில் இருக்கின்றன; சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மனு எழுதுபவன்,
தாலுகா ஆபீஸ் எதிரில், பள்ளிப்பட்டு